நாலு மணிக் கூப்பாடு

செவலூரணியில் ஒரு சேர்மன் இருந்தார், அவருக்கு ஓர் இதயமும் இருந்தது. சேர்மனை நாங்கள் தினமும் சுவரொட்டியில் பார்த்தோம். இதயம் உண்டென்பதை டாக்டர் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினோம்.

படத்தில் அது நனைந்த கோணிச்சாக்கு மாதிரித் துவண்டு கிடந்தது. மூன்று தடவை நகராட்சித் தலைவராக இருந்து, ஒரு பருப்பு மில்லையும் ஒரு பெட்ரோல் பங்கையும் தன் பேரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தையும் சுமந்த நெஞ்சு, இனி ஆறு மாதம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மனுச இதயம் வேண்டுமென்றால் பொருத்தமான மனுசன் ஒருவன் பொருத்தமான நாளில் சாகவேண்டும். சேர்மன் தனுஷ்கோடிக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடையில் சொன்னவர்கள் எங்கள் ஊரில் நூறு பேருக்குக் குறையாது. அந்த மாதம் பார்த்து எல்லாருக்கும் திருப்பூரில் வேலை இருந்தது.

ஆகவே பன்றி.

ஊருக்கு மேற்கே, எங்கள் சாக்கடைகளெல்லாம் போய்ச் சேரும் ஓடைக்கு அந்தப்புறம், ஒரு கம்பெனி வெள்ளை வெளேரென்று கொட்டகை கட்டியிருந்தது. ஒரே ஒரு பன்றியின் காதோரத் தோலைச் சுரண்டி, அதன் உயிரணுவிலிருந்து மனுச உடம்புக்கு ஆகாத மரபணுக்களை நறுக்கி வீசி, மனுசனுடையதில் ஆறைச் செருகி, பன்னிரண்டு கருவாக்கி, பன்னிரண்டு குட்டியாக்கியிருந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வெல்லம் மாதிரிப் பன்னிரண்டு. ஒன்று காதைச் சொறிந்தால் மற்ற பதினொன்றும் சொறிந்தன, ஒன்று தும்மினால் பன்னிரண்டாவது தும்மல் முடியும்வரை ஆட்கள் ஊசியோடு காத்து நின்றார்கள். குளிரூட்டிய தரை, வடிகட்டிய தண்ணீர், மூட்டை மூட்டையாகச் சத்துத் தீவனம். எல்லாம் இருந்தும் குட்டிகள் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் விலா எலும்பு தெரியத் தொடங்கியபோது வாசல் காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஓடைக்கரைத் தெரு வேலுத்தாயக் கூட்டியாங்க சார். பன்னின்னா அவதான்."

வேலுத்தாயிடம் அப்போது பன்றி இல்லை. ஒரு காலத்தில் நாற்பத்துமூன்று இருந்தன. தனுஷ்கோடி இரண்டாம் தடவை சேர்மனானதும் ஊரைச் சுத்தம் செய்கிறேன் என்று கம்பிச் சுருக்கும் ஆட்களும் வரவழைத்து, அந்தத் தெருப் பன்றிகளையெல்லாம் லாரியில் ஏற்றினார். வேலுத்தாய் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். லாரிக்குள்ளிருந்து நாற்பத்துமூன்றும் பதில் சொல்லிக்கொண்டே போயின. சேர்மன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். ரோட்டோரம் நின்று கை தட்டியது நாங்கள்தான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். எல்லா வீட்டுப் பன்றிகளும் பகலெல்லாம் கலந்தே மேயும். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வீடு கூப்பிடும்போது அவை தாமாகப் பிரிந்து தம் வீட்டுக்குப் போய்விடும், ஏனென்றால் ஒரு வீட்டுக் கூப்பாடு இன்னொரு வீட்டில் கிடையாது. கல்யாணமான மறுநாள் காலையில் புருசனும் பெண்டாட்டியும் கருவேலங்காட்டுப் பக்கம் போய், பாதி அவன் பங்கு பாதி அவள் பங்கு என்று ஒரு கூப்பாட்டைச் சேர்ந்து கட்டிக்கொண்டு வருவார்கள். இருவரில் ஒருவர் செத்தால், குழிமேட்டில் நின்று கடைசியாக ஒருமுறை அதைக் கூப்பிட்டு, மண்ணோடு சேர்த்து மூடிவிட வேண்டும். பதினாறு நாள் அந்த வீட்டில் கூப்பாடே கிடையாது. பதினேழாம் நாள் புதுசாக ஒன்றைத் தொடங்க வேண்டும். செத்தவர் பங்கை மறுபடி வாயில் எடுப்பவர் அந்தத் தெருவில் இல்லை. ஊருக்குள் இருந்த எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள ஓடையைத் தாண்டியிருக்க வேண்டும். நாங்கள் தாண்டியதில்லை, முகம் சுளித்ததோடு சரி.

வேலுத்தாயின் கூப்பாட்டில் முதல் பாதி அவளுடைய இழுவை, அடித்தொண்டையில் தொடங்கி மேலே மேலே ஏறுவது. இரண்டாம் பாதி அவள் புருசன் சடையாண்டியின் சிரிப்பு. மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் விக்கி விக்கிச் சிரித்ததை அப்படியே பிடித்துச் சேர்த்திருந்தாள். பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கொட்டகையின் அரைச்சுவர் அருகே நின்று, தவிட்டில் கையை அளைந்துகொண்டே அவள் கூப்பிட்டபோது, இழுவைக்குப் பன்னிரண்டு தலைகள் நிமிர்ந்தன, சிரிப்புக்குப் பன்னிரண்டு வயிறுகளும் ஓடி வந்தன.

கம்பெனி அதிகாரி வேலைக்குச் சேரச் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதுககிட்ட சிறுநீரகமும் எடுப்பீகளா சார்?"

"எடுப்போம்மா. அதுக்குத்தானே வளர்க்கிறது."

சடையாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ண வரிசையில் உட்கார்ந்திருப்பான். வரிசை நீண்டுகொண்டே போனது, அவன் வற்றிக்கொண்டே போனான். வேலுத்தாய் அன்றே மனசுக்குள், காதில் ஏழு என்று வில்லை குத்திய பன்றியின் இடப்பக்கத்துச் சிறுநீரகத்தை அவனுக்கு என்று ஒதுக்கி வைத்தாள். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தவிடு போட்டாள்.

முதலில் எடுத்தது மூன்றாம் நம்பரின் இதயத்தை. சென்னையில் ஒன்பது மணி நேரம் அறுத்துத் தைத்து, நாற்பது நாள் கண்ணாடி அறையில் வைத்திருந்து, சேர்மனை ஊருக்கு அனுப்பினார்கள். வந்த வாரமே அவர் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பாராட்டு விழா. ஆள் உயர மாலை, பேண்டு வாத்தியம், மந்திரி. மந்திரி 'சிங்கத்தின் இதயம்' என்று பேசிக்கொண்டிருந்தார், மேடைக்குக் கீழே ஒருத்தர் இருமிக்கொண்டார். மணி நாலு ஆயிற்று. மைதானத்திலிருந்து கொட்டகை இரண்டு கிலோமீட்டர். எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. சேர்மன் எழுந்தார். மாலையோடு படியிறங்கி, பஜாரைக் கடந்து, மீன் மார்க்கெட்டைக் கடந்து, கரண்டைக்காலளவு ஓடையில் பட்டு வேட்டியோடு இறங்கி ஏறி, கொட்டகையின் அரைச்சுவர்மேல் தாடையை வைத்து நின்றுகொண்டார். உள்ளே பதினொன்று தின்றன. அவர் தின்னவில்லை, அவருடைய கண் மட்டும் அரைமணி நேரம் மூடிக் கிடந்தது, பால் குடித்த குழந்தை மாதிரி. பிறகு திரும்பி நடந்து வந்து மேடையில் உட்கார்ந்தார். மந்திரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

மறுநாளும் நாலு மணிக்குப் போனார். அதற்கு மறுநாளும்.

எங்கள் ஊர் ஒரு வாரம்தான் யோசித்தது. எட்டாம் நாள் கட்சிக்காரர்கள் குடையோடும் மனுக்களோடும் கூடவே நடந்தார்கள். சேர்மன் ஏழைகள் தெருவில் தினசரி குறை கேட்கிறார் என்று செய்தி வந்தது. முப்பது வருசமாக அந்தத் தெரு கேட்டு நடக்காத ரோடு, அவர் பாதம் வலிக்கக்கூடாதென்று பதினைந்து நாளில் வந்தது. ஓடைமேல் பாலம் வந்தது, பாலத்துக்கு அவர் பேர் வந்தது. பெருமாள் கோயில் பட்டர், பகவானே எடுத்த ரூபந்தானே, இதில் குறை என்ன இருக்கிறது என்று சொல்லி, பாலத்தின் இந்தப்பக்கமே நின்று துளசி கொடுத்தார். பன்றி என்ற சொல்லை உச்சரித்துவிட்டு எச்சில் துப்பும் ஆட்கள், துப்புவதை நிறுத்தி 'வராகம்' என்றார்கள்.

டீக்கடை பால்ச்சாமி மட்டும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டான்.

"எதுக்குய்யா கடிகாரம்? மூணு அம்பதுக்கு சேர்மன் காது விடைக்குது. ரேடியோகாரனே அதப் பாத்துத்தான் நேரம் சொல்லலாம்."

"வாயக் கழுவுடா, அவுக காதுல விழுந்திரும்."

"விழட்டும். எந்தக் காதுல விழுதுன்னு நானும் பாக்கணும்."

செவ்வாயும் வெள்ளியும் வேலுத்தாய் ஆஸ்பத்திரியில் இருப்பாள். கூப்பிடுவதற்குத் திரும்பிவர ஐந்தாகும், சில நாள் ஆறாகும். அந்த இரண்டு நாளும் சேர்மனின் நாடி தடுக்கிற்று. டாக்டர் அதை வரைபடத்தில் பார்த்து, வேறு வழியில்லாமல் கூப்பாட்டையும் மருந்துச் சீட்டில் எழுதினார், சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோல, தினமும் மாலை நான்கு மணி, ஒருமுறை. உடனே சேர்மன் வீட்டுக் கார் சடையாண்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தொடங்கியது, அவள் கொட்டகையை விட்டு நகரவேண்டாம் என்று. என்ன தாராளம் பாருங்கள் என்று ஊர் நெகிழ்ந்தது. காரில் பின்சீட்டுக்கு மட்டும் பாலித்தீன் விரிப்புப் போட்டிருந்தார்கள்.

வேலுத்தாய் ஒருநாள் அரைச்சுவரில் தாடை வைத்து நின்றவரிடமே கேட்டாள்.

"அய்யா, பதினோரு பன்னி நிக்குது. எங்க வீட்டாளுக்கு ஒரே ஒரு சிறுநீரகம். நீங்க ஒரு வார்த்த சொன்னா கம்பெனிக்காரக குடுத்துருவாக."

சேர்மன் கண்ணைத் திறந்து, நெஞ்சில் கை வைத்தார். "குடுக்கச் சொல்றேன். இந்த நெஞ்சு மேல சத்தியம்."

வீட்டில் அதைச் சொன்னபோது சடையாண்டி கட்டிலில் புரண்டு விக்கி விக்கிச் சிரித்தான். "அது மூணாம் நம்பர் நெஞ்சுல்ல. நம்ம வளப்பு. அப்ப வாக்கு தப்பாதுடி."

தப்பவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ரத்தம் எடுத்தார்கள், பொருந்துகிறது என்றார்கள், கைநாட்டு வாங்கினார்கள், ஆவணி பத்தாம் தேதி என்று நாள் குறித்தார்கள். அப்போது சேர்மனின் சம்பந்தி கோதண்டபாணிக்குச் சிறுநீரகம் பழுதென்று தெரிந்தது. அவருக்கு இன்னும் ஒரு வருசம் அவகாசம் இருந்தது. சடையாண்டிக்கு ஒரு மாதம். ஆனால் மகளைக் கொடுத்த இடம். ஏழாம் நம்பர் பன்றி ஆவணி பத்தாம் தேதியே, குறித்த நேரத்திலேயே, கோதண்டபாணிக்குப் போயிற்று. சம்பந்திக்காக எவ்வளவு மெனக்கெடுகிறார் என்று ஊர் அன்றும் நெகிழ்ந்தது. எங்களுக்கு நெகிழ்வதற்கென்றே தனியாக ஏதோ ஒரு மரபணு இருக்கவேண்டும்.

வேலுத்தாய் சேர்மன் வீட்டுக்குப் போனாள். வாசலில் சேர்மன் மனைவி சௌந்தரவல்லி நின்றாள்.

"அடுத்த பட்டியல்ல கண்டிப்பா உண்டு வேலுத்தாயி. நானே பேசுறேன்."

"அடுத்த பட்டியலுக்கு அவரு இருக்கமாட்டாரும்மா. அவரு போயிட்டா கூப்பாடும் போயிரும். அத நீங்க ஐயாகிட்டச் சொல்லணும்."

"சரி, சரி. மனசத் தளரவிடாத. எல்லாருக்கும் கஷ்டம் இருக்குது."

"மனசச் சொல்லலம்மா. கூப்பாட்டச் சொல்றேன்."

சௌந்தரவல்லி அதை ஓர் ஏழையின் புலம்பல் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே போய் அரைப்படி அரிசியும் ஒரு பழைய சேலையும் கொடுத்தனுப்பினாள். கணவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவரும் இன்னொரு சேலை கொடுக்கத்தான் சொல்லியிருப்பார்.

தையல் காய்ந்ததும் கோதண்டபாணியும் நாலு மணிக்கு வரத் தொடங்கினார். இதயம் முன்னால் இருப்பதால் சேர்மன் நேராக நடந்தார். சிறுநீரகம் முதுகுப் பக்கம் இருப்பதால் சம்பந்தி பின்பக்கமாக நடந்தார். பஜாரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் முகம் காட்டி, வணக்கம் வைத்துக்கொண்டே, முதுகால் கொட்டகையை நோக்கிப் போனார். யாருக்கும் முதுகு காட்டாத மனிதர் என்று அதற்கும் ஒரு சுவரொட்டி அடித்தார்கள்.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், பாலித்தீன் விரித்த அந்தப் பின்சீட்டிலேயே சடையாண்டி இறந்தான். ஓட்டுநர் காரைப் பாலத்தில் நிறுத்தி, சாவுப் பாரத்தோடு சேர்மன் வீட்டுக் காரைத் தெருவுக்குள் கொண்டுபோகலாமா என்று போனில் கேட்டுவிட்டு, பிறகு கொண்டுபோனான்.

நாலு மணிக்கு இடுகாட்டில் குழி தயாராக இருந்தது. வேலுத்தாய் குழிமேட்டில் நின்றாள். வழக்கப்படி அவள் கூப்பிட்டாள். இழுவை ஏறி, ஏறி, அதன் உச்சியில் சடையாண்டியின் சிரிப்பு விக்கி விக்கி வந்தது, இருபத்தாறு வருசத்துக்கு முந்தின கருவேலங்காட்டில் எப்படி வந்ததோ அப்படியே. பத்துப் பன்றிகள் கம்பிவேலியை நெம்பிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு நடுவே சேர்மன் வந்தார், பின்னால் முதுகு காட்டிச் சம்பந்தி வந்தார். எல்லாரும் குழியைச் சுற்றி நின்றார்கள். சேர்மனின் உடம்பு குழிக்குள் சாய்ந்தது. இரண்டு கட்சிக்காரர்கள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அவருக்கு இருந்த துக்கத்தைப் பார்த்தீர்களா என்று மறுநாள் ஊர் பேசியது.

வேலுத்தாய் மண்ணைத் தள்ளி மூடினாள். வாயையும் மூடினாள்.

பதினாறு நாள் அந்த வீட்டிலிருந்து சத்தமில்லை. வேலிக்கு வெளியே வந்துவிட்ட பன்றிகள், கூப்பாடு இல்லாத நாட்களில் பன்றிகள் செய்வதைச் செய்தன, ஊருக்குள் போய்த் தாமாக மேய்ந்தன. சேர்மனின் இதயமும் அதைத்தான் செய்தது. அவர் மூன்று தடவை ஆண்டும் தூர்வாராத சாக்கடைகளின் ஓரமாக ஒவ்வொரு தெருவாக நடந்தார், நின்றார், குனிந்து பார்த்தார், மறுபடி நடந்தார். வெள்ளை வேட்டி முழங்கால்வரை கறுத்தது. நகராட்சிக் கமிஷனர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நடந்து, சேர்மன் சுகாதார ஆய்வு என்று தேதி போட்டு எழுதிக்கொண்டார். பால்ச்சாமி டீ ஆற்றியபடியே சொன்னான்: "ஆய்வு நல்லாத்தான் நடக்குது. வால் ஒண்ணுதான் பாக்கி."

நாடி நாளுக்கு நாள் இறங்கியது. செல்போனில் பதிந்திருந்த பழைய கூப்பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். பன்றிகள் மிரண்டு ஓடின, சேர்மன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு இல்லாத சத்தம் அந்த இதயத்துக்குக் கூப்பாடே இல்லை. வேறு இதயம் மாற்றலாமா என்று கேட்டார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் பத்து இருக்கு. பத்தும் அதே அச்சு, அதே பொம்பளைக்குப் பழகினது" என்றார்.

பதினேழாம் நாள் நாலு மணிக்கு, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து வேலுத்தாய் அரைச்சுவர் அருகே நின்றாள். ஊர் முழுக்க ஓடையைத் தாண்டி வந்திருந்தது, நானும்தான். அவள் தவிட்டில் கை வைத்துப் புதுக் கூப்பாட்டைக் கூப்பிட்டாள். அது குட்டையாக, தட்டையாக, கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. அதில் சிரிப்பு இல்லை. அன்றைக்கு ஒரு பன்றியும் வரவில்லை. மறுநாள் மூன்று வந்தன. அதற்கு மறுநாள் பத்தும் வந்தன, பசித்தது, கற்றுக்கொண்டன.

சேர்மனுக்குப் பசிக்கவில்லை. கட்சிக்காரர்கள் அவரையும் சம்பந்தியையும் அரைச்சுவர் அருகே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள், அங்கேயே நான்கு அடுக்குத் தூக்குவாளியில் வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது. அறுபத்திரண்டு வருசத்தில் ஒருநாளும் காய்ந்திராத அந்த உடம்புக்குள் மாட்டிக்கொண்ட இதயத்துக்குப் புதுசாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அது பழையதையே எதிர்பார்த்து நின்றது.

சௌந்தரவல்லி ஓடி வந்தாள். "பழசக் கூப்பிடுடி. உன் வாயில வந்ததுதான?"

"மண்ணுல போட்டாச்சும்மா."

"என்ன வேணும்னு கேளு. பத்துல எந்தச் சிறுநீரகம் வேணும்னாலும் எடுத்துக்கோ."

வேலுத்தாய் கேட்டாள்: "யாருக்கும்மா வைக்கப் போறீக?"

சௌந்தரவல்லி கையைக் கூப்பினாள். ஊரும் கூப்பியது, கும்பிடுவது எங்களுக்குக் கைவந்த வேலை.

"அதுல பாதிதாம்மா என்னோடது" என்றாள் வேலுத்தாய். "அத வேணா தாரேன்."

அடித்தொண்டையிலிருந்து இழுவையைத் தொடங்கினாள். அது ஏறியது. சேர்மனின் தாடை நிமிர்ந்தது, கண் மலர்ந்தது, மார்பு விரிந்தது, குதிகால் தரையை விட்டுக் கிளம்பியது. இழுவை உச்சிக்குப் போய், அங்கே, ஒரு சிரிப்பு தொடங்கவேண்டிய இடத்தில், நின்றது. வேலுத்தாய் வாயை மூடிக்கொண்டாள்.

சேர்மன் காத்திருந்தார்.

இன்னும் காத்திருக்கிறார். கட்டைவிரல்களில் எம்பியபடி, கழுத்தை நீட்டி, அடுத்த பாதிக்காக. செத்துவிட்டாரா என்று டாக்டர்கள் தீர்த்துச் சொல்லவில்லை. நாடி ஒரு துடிப்பின் நடுவில் நிற்கிறது என்கிறார்கள். கூடவே நின்றுபோன சம்பந்தி அவருக்கு முதுகு காட்டி, ஊரைப் பார்த்து, எங்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நகராட்சி கூடிப் பேசி, தலைவரின் குதிகால் அந்தரத்தில் நிற்பது ஊருக்கு அழகல்ல என்று கீழே ஒரு பளிங்குப் பீடம் கட்டி, வெயிலுக்குத் தகரம் போட்டு, பிறந்தநாளுக்கு மாலை போடுகிறது. மந்திரி வந்து 'நிமிர்ந்து நிற்கும் தலைவர்' என்று பேசிவிட்டுப் போனார்.

நாலு மணிக்குத் தவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலுத்தாய் வருகிறாள். பீடம் சரியாகத் தீவனத் தொட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது. அவள் தினமும் ஒருமுறை நின்று, முழங்கையால் அவரை இடித்து ஒதுக்கப் பார்க்கிறாள்.

"தள்ளி நில்லுங்கய்யா. பசிச்சதுக வருதுல்ல."